பன்னிரண்டாவது குச்சி

ஆய்வுக்கூடமாக மாற்றிய பழைய ரொட்டி வேனுக்குள் கண்ணாடித் தட்டைக் கவிழ்த்தது ஓட்டுநர் பிரேக்கின் முழங்கைதான். வேறு யார் மீதும் பழியைப் போட வழியில்லை. வேனுக்குள் இருந்தது இரண்டே பேர். மேடத்தின் முழங்கைகள் இரண்டும் மேசை மேல் ஒழுங்காக ஊன்றியிருந்தன. பிரேக்கின் வலது முழங்கை மட்டும் டீ பிளாஸ்கைத் தேடிப் புறப்பட்டு, போகிற வழியில் ஒரு வழக்கையே கவிழ்த்துவிட்டது.

ஒரு தட்டு எறும்பு அப்படியே பக்கத்துத் தட்டு எறும்பின் மேல் போய்க் கொட்டியது.

"அண்ணே," என்றார் மேடம்.

அவ்வளவுதான். கத்தவில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் பிரேக்குக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இன்றைக்குக் காலையிலிருந்து அது கிணற்றின் அடியில்தான் கிடந்தது.

காரணம் வேனுக்கு வெளியே இருந்தது. அங்கே ஒரு நர்சரி. அந்த நர்சரியை இன்று மாலை ஐந்து மணிக்கு எரிக்கப்போகிறார்கள். எல்லைச் சோதனை நிலையத்தின் உத்தரவு கேட்டில் பசை காயாமல் ஒட்டியிருந்தது: வெளிநாட்டுத் தொட்டிச் செடிகளைக் கள்ளத்தனமாக இறக்கி, அவற்றின் மூலம் நெருப்பெறும்பை நாட்டுக்குள் பரப்பிய குற்றத்துக்காக, செடி, பந்தல், கொட்டகை அனைத்தும் தீக்கிரை. இப்போது மணி இரண்டு.

நெருப்பெறும்பு குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். கடித்தால் மூன்று நாளைக்கு மறக்க விடாது. நர்சரிக்காரியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கொப்புளம். அவளுடைய நாய்க்குக் கண்ணிலேயே கடித்துக் கடித்து, கருவிழி இரண்டும் பாலாடை படிந்தாற்போல வெளுத்துவிட்டன. அது இப்போது வேனின் டயரில் முட்டிக்கொண்டு, டயரையே திருடன் என்று நினைத்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

பூச்சிகள் எங்கிருந்து எங்கே வந்தன என்று துப்புத் துலக்குவது மேடத்தின் தொழில். பிரேக் அவருக்கு உதவியாளர், ஓட்டுநர், மூட்டை தூக்கி. இருபது வருடம் லாரி ஓட்டியபோது பிரேக்கை எப்போதாவதுதான் மிதிப்பாராம். அதனால் வந்த பட்டம். மேடத்தைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் மேடம் அவரை "அண்ணே" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் மரியாதையும் வைப்பார், வசவும் வைப்பார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். நான் வேணா ஒவ்வொண்ணா பொறுக்கிப் பிரிச்சுடறேன்."

"எது எந்தத் தட்டுன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"கேட்டுப் பார்க்கிறேன்."

மேடம் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் தட்டின் மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிரேக் மனத்துக்குள் வேறு வேலை தேட ஆரம்பித்து, பள்ளிக்கூட வேன் ஓட்டுவது வரை வந்துவிட்டார்.

"அண்ணே, சண்டை போடலை."

"நமக்குள்ள எதுக்கு மேடம் சண்டை."

"எறும்பு, அண்ணே. எறும்பு சண்டை போடலை."

பிரேக்கும் குனிந்தார். காலையில் இதே தட்டில்தான் மரக்கிடங்கு எறும்பையும் நர்சரி எறும்பையும் ஒன்றாக விட்டிருந்தார்கள். ஊரில் நெருப்பெறும்பு முன்பே இருந்த ஒரே இடம் அந்த மரக்கிடங்கு. அரை நிமிடத்தில் காலைக் கடித்து, கழுத்தைக் கடித்து, தட்டு போர்க்களமாகிவிட்டது. ஒவ்வொரு எறும்புக் குடும்பத்துக்கும் ஒரு வாசனை. அந்நிய வாசனை வந்தால் கொலை. ஆக, நர்சரி எறும்பு மரக்கிடங்கிலிருந்து வரவில்லை. ஆனால் இந்தத் தட்டில் நடந்ததே வேறு. எதிரெதிரே வந்த எறும்புகள் உணர்கொம்பால் தொட்டுக்கொண்டன, தலையாட்டின, வழிவிட்டன. கல்யாண வீட்டு வாசலில் பார்த்துக்கொண்ட சொந்தக்காரர்கள் தோற்றார்கள்.

"ஒரே குடும்பம்," என்றார் மேடம். "ஒண்ணு நர்சரித் தட்டு. இன்னொண்ணு எந்தக் குச்சி?"

பிரேக் குப்பியின் எண்ணைப் பார்த்தார். கட்டைவிரல் தானாகவே அந்த எண்ணை மூடியது.

"பன்னிரண்டு."

அவர்கள் எறும்பு பிடிக்கிற முறை எளிது. ஐஸ் குச்சியில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவி மண்ணில் குத்திவிட்டு வந்தால், கொஞ்ச நேரத்தில் எறும்பு மொய்த்துவிடும். குச்சியோடு குப்பியில் போட்டு மூட வேண்டியது. எந்த எண் குச்சி எந்த இடம் என்று வரைபடத்தில் குறிக்க வேண்டியது. குறிப்பது பிரேக்கின் வேலை.

மேடம் வரைபடத்தை விரித்தார். நர்சரிக்குள் பதினொரு புள்ளிகள் இருந்தன.

"பன்னிரண்டாவது குச்சியை எங்க குத்தினீங்க?"

"அது… அங்கதான் மேடம். ஓரமா."

"எந்த ஓரம்?"

"ஓரம்னா… ஒரு மாதிரி ஓரம்."

வேன் கதவை யாரோ உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்கள். நர்சரிக்காரி.

"உள்ள உட்கார்ந்து கதையா பேசறீங்க? வெளிய வந்து பாருங்க! டீசல் டேங்கர் வந்து நிக்குது. மூணு மணி நேரம் இருக்காம், நிழல்ல நின்னு பீடி குடிக்கிறானுங்க, என் பந்தல் நிழல்ல! பன்னிரண்டு வருஷமா ஒரு விதை வெளியில இருந்து வாங்கினதில்லை நான். ஒவ்வொண்ணும் நான் பதியம் போட்டது. கள்ளத்தனமா இறக்கினேனாம். யாரு இறக்கினா? எவன் பார்த்தான்?"

பேசும்போது கையைச் சொறிந்துகொண்டே பேசினாள். கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. நாய் அவள் குரல் வந்த திசைக்கு ஓடி வந்து கதவில் இடித்துக்கொண்டது.

பிரேக்கால் அதற்கு மேல் ஓரத்தில் ஒளிய முடியவில்லை.

"மேடம், பன்னிரண்டாவது குச்சி இங்க குத்தலை. சோதனை நிலையத்துல. வராந்தா பெஞ்சுக்குப் பக்கத்துல ஒரு பூந்தொட்டி. காலையில உத்தரவு நகல் வாங்கப் போனேன்ல? ஒரு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க. காலைச் சாப்பாடு இல்லை. பையில ஒரு குச்சி மிச்சம் இருந்துச்சு."

"நக்கினீங்களா?"

"பாதி. திடீர்னு உள்ள கூப்பிட்டாங்க. வாயில குச்சியோட எப்படிப் போறது? தொட்டியில குத்திட்டுப் போனேன். உள்ள மாமாகிட்ட சண்டை. எரிக்கிறதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கன்னேன், முடியாதுன்னார். வந்த கோபத்துல குச்சியைப் பிடுங்கி, பழக்கதோஷம், குப்பியில போட்டு மூடிட்டேன். எறும்பு ஏறியிருந்ததைக்கூடப் பார்க்கலை."

மாமா என்றது நிலையத் தலைவரை. பிரேக்கின் அக்கா வீட்டுக்காரர். உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. லாரி கைவிட்டுப் போன காலத்தில் பிரேக்குக்குச் சோறு போட்ட வீடு அது. பிரேக் ஓரம் ஓரம் என்று உளறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேடம் திட்டவில்லை. நர்சரிக்காரி பக்கம் திரும்பினார். "இங்கிருந்து அங்க, இல்ல அங்கிருந்து இங்க, ஏதாவது போச்சா வந்துச்சா?"

"ரெண்டு மாசம் முன்னாடி அங்க பெரிய கூட்டம் நடந்துச்சு. நாலு நாட்டு அதிகாரிங்க வந்தாங்க. மேடை ஜோடிக்க என்கிட்டதான் நாற்பது தொட்டி வாடகைக்கு எடுத்தாங்க."

"என்ன கூட்டம்?"

"எறும்புக் கூட்டம்தான்! எல்லை தாண்டி எறும்பு வராம எப்படித் தடுக்கிறதுன்னு மூணு நாள் பேசினாங்க. இப்ப என்னைக் கொளுத்தறாங்க."

"நாற்பதும் திரும்பி வந்துச்சா?"

"நாற்பத்து மூணு வந்துச்சு." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "மூணு அதிகமா இருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்கன்னு ரெண்டு தடவை போன் பண்ணினேன். வெச்சுக்கம்மான்னாங்க. நல்ல மனசுன்னு நினைச்சேன்."

மேடம் வேனிலிருந்து குதித்தே இறங்கினார்.

வாடகைக்குப் போகும் தொட்டிகள் கலந்துவிடாமல் இருக்க, நர்சரிக்காரி ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைப்பாள். கோடில்லாத மூன்று தொட்டிகள் பந்தலின் கடைசி வரிசையில் இருந்தன. பிரேக்கின் வரைபடத்தில் குச்சி கறுத்துப்போகும் அளவுக்கு எறும்பு ஏறிய இடமும் அதே வரிசைதான். கையுறை போட்டுக்கொண்டு மேடம் முதல் தொட்டியின் மண்ணை விரலால் விலக்கினார். தண்டின் அடியில், மண்ணுக்குக் கீழே, மெல்லிய கம்பி ஒன்று முறுக்கியிருந்தது. அதன் நுனியில் கடலைப் பருப்பளவு ஈயம். ஈயத்தில் பாதி எண்.

"இது என்னன்னு தெரியுமா அண்ணே?"

தெரியாமல் என்ன? இருபது வருடம் எல்லையில் லாரி நிறுத்தியவருக்கு அது கனவில்கூட வரும். பறிமுதல் செய்த சரக்குக்கு மட்டும் நிலையத்தில் போடுகிற முத்திரை.

"கள்ளச் செடி இறங்கினது நெசம்தான்," என்றார் மேடம். குரல் இப்போது கிணற்றையும் தாண்டிப் போய்விட்டது. "பிடிச்சது நிலையம். எரிச்சிருக்க வேண்டியதும் நிலையம். அந்தச் செடி இந்தம்மா வீட்டுக்கு நிலையத்து வண்டியிலேயே வந்திருக்கு."

நர்சரிக்காரி அந்த மூன்று தொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "நான் அதுக்குத் தினமும் தண்ணி ஊத்தினேன்," என்றாள்.

*

நிலையத்துக்கு இருபது கிலோமீட்டர். வழி நெடுக பிரேக் பிரேக்கைத் தொடவில்லை. எல்லைக் கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் கடைசி ஒரு கிலோமீட்டரை நகர்ந்து கடக்கவே முக்கால் மணி நேரமானது. உள்ளே நுழைந்தபோது மணி நாலேகால்.

மேடம் நேராக வராந்தாவுக்குப் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பிடிபட்ட சரக்கை எரிக்கிற இரும்புச் சூளை அங்கேதான் இருந்தது. நுழைவாயிலில் புரட்டிப் பார்த்த பதிவேட்டின்படி, பிடிபட்ட ஐம்பத்து மூன்று தொட்டிகளும் எரிந்தது எறும்புக் கூட்டத்துக்கு முந்தின நாள். சூளைக் கதவில் ஒரு சிலந்தி, மூலைக்கு மூலை வலை கட்டி, நடுவில் மகாராணிபோல உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் போட்ட ஈக்களின் இறக்கை.

"தீயில குடித்தனம் பண்ற சிலந்தி," என்றார் பிரேக். "இதுவும் வெளிநாட்டுச் சரக்கா மேடம்?"

வராந்தாவில் பெஞ்சு அப்படியே இருந்தது. பூந்தொட்டியில் அவர் குச்சி குத்திய ஓட்டையும் அப்படியே. தொட்டியைத் திருப்பியபோது கோடில்லை. செடியின் தண்டில் சிவப்பாக ஏதோ சிக்கியிருந்தது. பிரேக் அதை விரல் நுனியால் இழுத்தார். அரை சாண் ரிப்பன்.

அதை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். மேடம் திரும்பிப் பார்த்தார். ரிப்பனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "போலாம் மேடம்," என்று மட்டும் சொன்னார்.

நிலையத் தலைவர் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். மேசை மேல் சின்னதாக, அழகாக, பூத்துக் குலுங்கிக்கொண்டு ஒரு தொட்டி.

"வா மச்சான். காலையில கோவிச்சுட்டுப் போனியேன்னு பார்த்தேன். உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?"

"ரெண்டு மாசம் முன்னாடி பிடிபட்ட தொட்டியை எல்லாம் என்ன பண்ணினீங்க சார்?" என்றார் மேடம்.

"அதாவது, விதிமுறைப்படி என்ன உண்டோ…"

"எரிச்சீங்களா?"

"அதாவது, பதிவேட்டுல தேதியோட இருக்கு."

"சூளையில சிலந்தி இருக்கு."

"அதாவது, சூளை பராமரிப்பு என்கிறது தனிப் பிரிவு."

மாமாவின் 'அதாவது' குடும்பத்தில் பிரசித்தம். கல்யாணத்தன்று பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கே அப்படித்தான் ஆரம்பித்தாராம். அக்கா இன்றுவரை மீதி வாக்கியத்துக்குக் காத்திருப்பதாகச் சொல்லிச் சிரிப்பாள். பிரேக்கும் இத்தனை வருடம் சேர்ந்து சிரித்திருக்கிறார். இப்போது வரவில்லை.

மேடம் தட்டை மேசை மேல் வைத்தார். நர்சரி எறும்பு. மேசைத் தொட்டியின் மண்ணிலிருந்து இடுக்கியால் நாலு எறும்பை எடுத்து அதில் விட்டார். தொட்டுக்கொண்டன, தலையாட்டின, வழிவிட்டன. அதன் பக்கத்தில் ஈயமுத்திரையை வைத்தார்.

"உங்க கழுத்துல என்ன சார்?"

"வேர்க்குரு."

"இந்த முத்திரையோட படம், கூட்டத்துக்கு வந்த நாலு நாட்டு அலுவலகத்துக்கும் இன்னைக்கே போகும். நீங்க நர்சரியை எரிச்சாலும் போகும், எரிக்காட்டியும் போகும். மூணு தொட்டி நர்சரிக்கு. இங்க ரெண்டு. மீதி எங்க?"

"அதாவது…"

மேசையில் போன் அடித்தது. மாமா பதற்றத்தில் ஒலிபெருக்கியை அமுக்கிவிட்டார்.

"சார், டேங்கர்ல இருந்து பேசறோம். குழாய் இழுத்தாச்சு. அந்தம்மா கேட்டுக்குக் குறுக்க படுத்துக்கிச்சு. இழுத்துப் போட்டுட்டு ஆரம்பிக்கவா?"

அவனுக்குப் பின்னால் நர்சரிக்காரியின் குரல். "முதல்ல என்னைக் கொளுத்துங்கடா! அப்புறம் செடியைக் கொளுத்துங்க!" நாய் யாரைப் பார்த்து என்று தெரியாமல் குரைத்துக்கொண்டிருந்தது.

பிரேக் எழுந்து நின்றார். ரிப்பனை எடுத்து முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். பேசியபோது தன் குரல் மேடத்தின் குரல்போல இறங்கிப் போயிருந்தது அவருக்கே ஆச்சரியம்.

"மாமா. கூட்டத்துக் கடைசி நாள் எனக்குப் போன் பண்ணினீங்க. வண்டி ஏத்த ஆள் இல்லை, வா மச்சான்னீங்க. வந்தேன். நாலு நாட்டு வண்டி. வண்டிக்கு மூணு பெட்டி, பெட்டிக்கு நாலு தொட்டி. எல்லாத்துக்கும் செவப்பு ரிப்பன். 'அண்டை நாட்டு நட்புக்கு'ன்னு அட்டை. பெட்டி மேல 'சோதித்தது, சுத்தம்'னு உங்க கையெழுத்து. இந்தக் கையால கட்டினேன். இந்த முதுகுல தூக்கினேன். எறும்பை எல்லையில நிறுத்தறது எப்படின்னு மூணு நாள் பேசின ஆளுங்க, மடியில வெச்சுக்காத குறையா அதை எல்லை தாண்டி எடுத்துட்டுப் போனாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்."

மேடம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. செடியை யாருக்கோ விற்றிருப்பார்கள் என்றுதான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"சூளை கெட்டு ஒரு வருஷமாச்சு மச்சான்," என்றார் மாமா. "எத்தனை கடிதம் போட்டேன்! வந்தவங்களுக்குப் பரிசு வாங்கறதுக்கும் அனுமதி வரலை. வெறுங்கையோட அனுப்பினா நாட்டுக்கே அசிங்கம். அதாவது, செடி பார்க்க நல்லாதான் இருந்துச்சு…"

"நான் அதைக் கேட்கலை."

"சார்?" என்றது போன். "லைன்ல இருக்கீங்களா? அஞ்சு ஆகப்போகுது."

"அன்னைக்கு ஒண்ணு மிச்சம் இருந்துச்சு," என்றார் பிரேக். "அக்காவுக்குப் பூன்னா உசிரு, வீட்டுக்குக் கொண்டு போறேன்னேன். நீங்க என் கையில இருந்து வாங்கிக் கீழ வெச்சீங்க. வீட்டுக்கு வேண்டாம் மச்சான்னீங்க. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அரசாங்கத் தொட்டியைக்கூட வீட்டுக்குள்ள விடாத மனுஷன், என் மாமா எவ்வளவு நேர்மைன்னு நினைச்சேன். போய் அக்காகிட்டயும் சொன்னேன். அவளும் பெருமைப்பட்டா. நெசமா ஏன் வேண்டாம்னீங்க?"

மாமா கழுத்திலிருந்து கையை எடுத்தார். போனைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து நாய் குரைத்துக்கொண்டே இருந்தது.

"ஆரம்பிக்கவா சார்?"

"வேண்டாம்," என்றார் மாமா. "குழாயைச் சுத்து. டேங்கரைத் திருப்பு. அந்தம்மா மேல தப்பில்லைன்னு சொல்லு. நான் எழுதித் தர்றேன்."

போன் அணைந்தது. மேடம் ஒரு காகிதத்தை அவர் முன்னால் தள்ளினார், பேனாவையும் வைத்தார். நர்சரியைத் தீயில்லாமல், மருந்துப் பொடி வைத்துச் சுத்தம் செய்ய ஒரு வருடமாகும். நாலு நாட்டுக்கு எத்தனை வருடமாகும் என்று யாருக்கும் தெரியாது. நாயின் கண்ணுக்கு மருந்தே கிடையாது. மாமா ஒவ்வொரு வரியாக எழுதி, கடைசியில் கையெழுத்தும் போட்டார். பிரேக் அதுவரை உட்காரவில்லை.

"மாமா, இன்னும் பதில் சொல்லலை. வீட்டுக்கு ஏன் வேண்டாம்னீங்க?"

மாமா வாயைத் திறந்தார். அந்தப் பழைய வார்த்தைக்காக நாக்கு எழும்பியது. அது வரவில்லை.

"எறும்பு இருந்துச்சு மச்சான்," என்றார். "நான் பார்த்தேன்."